அலையாத்தி இலைக்குள் வாழும் பூஞ்சைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிச்சாவரம், முத்துப்பேட்டைப் பக்கமிருந்து அலையாத்தி (கடலோர உப்புச் சதுப்பில் வளரும் மரங்கள்) இலை எடுத்துவந்து உள்வாழ் பூஞ்சைகளைப் பிரிக்கத் தொடங்கும் மாணவர்கள் கேட்பவை பெரும்பாலும் இவைதான். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் வந்தவற்றை நம்பி நிற்பதால், முதல் தடவை வரிசையாகவே படித்துவிடுங்கள்.

உள்வாழ் பூஞ்சைன்னா என்ன? இலைக்குள்ள பூஞ்சை இருந்தா அது நோய்தானே?

இலை, தண்டு, வேர் ஆகியவற்றின் திசுக்களுக்குள் வாழ்நாளின் ஒரு பகுதியையாவது வெளியே எந்த நோய்க்குறியும் காட்டாமல் கழிக்கும் பூஞ்சையை உள்வாழ் பூஞ்சை என்கிறோம். ஆய்வகங்களில் எண்டோஃபைட் என்றே பேசிக்கொள்வார்கள். பச்சைப்பசேலென்று ஆரோக்கியமாக இருக்கும் அலையாத்தி இலை ஒன்றை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் பல இனப் பூஞ்சைகள் இருக்கும். பெரும்பாலானவை இலை முழுக்கப் பரவியிருப்பதில்லை. ஓரிரண்டு செல்களுக்கிடையே சிறு சிறு திட்டுகளாக அடங்கிக் கிடக்கும்.

நோயா என்றால், இப்போதைக்கு இல்லை என்பதுதான் சரியான பதில். அலையாத்தி இலைகளில் அடிக்கடி கிடைக்கும் கொலெட்டோட்ரைக்கம், டயபோர்த்தே, பெஸ்டலோஷியாப்சிஸ் போன்ற பேரினங்களில் வேறு பயிர்களில் நோய் உண்டாக்கும் இனங்களும் உண்டு. சில பூஞ்சைகள் இலை மூப்படையும்வரை காத்திருந்து பிறகு மட்கச் செய்யும். பிச்சாவரத்தில் ரைசோஃபோரா அபிகுலேட்டாவின் (சுரபுன்னை) இளம் இலை, முதிர்ந்த இலை, பழுத்த இலை மூன்றையும் ஒப்பிட்டு 2002இல் வெளியான ஆய்வில் பழுத்த இலைகளில்தான் பூஞ்சை அதிகம் இருந்தது. விழுந்த இலையை மட்கவைக்கும் வேலையில் முதல் ஆளாக நிற்பது ஏற்கெனவே உள்ளே குடியிருந்த பூஞ்சைதான் என்பதற்கு அது நல்ல சான்று.

மைக்கோரைசாவும் இதுவும் ஒண்ணா?

இல்லை. மைக்கோரைசா வேரோடு நிற்கும். அதன் இழைகள் மண்ணிலும் பரவி, ஊட்டத்தை வாங்கிக் கொடுக்கும் தனி அமைப்பாக இருக்கும். இங்கே பேசுவது முழுக்கத் திசுவுக்குள் அடங்கியவை, அதிலும் பெரும்பாலும் இலையில் வாழ்பவை.

உப்புத் தண்ணியில நிக்கற மரம். அப்ப உள்ள இருக்கறது கடல் பூஞ்சையா?

பலர் எதிர்பார்ப்பது அதைத்தான், ஆனால் பெரும்பாலும் இல்லை. இலை தண்ணீருக்கு மேலே காற்றில் இருக்கிறது. காற்றில் மிதக்கும் வித்துகள் இலைமேல் விழுந்து, மழையிலோ பனியிலோ முளைத்து உள்ளே நுழைகின்றன. அதனால் கிடைப்பவை பெரும்பாலும் நிலத்து மரங்களிலும் காணும் பூஞ்சைகளே. ஃபில்லோஸ்டிக்டா கேபிடாலென்சிஸ் அதற்குச் சரியான எடுத்துக்காட்டு: ஒன்றுக்கொன்று உறவே இல்லாத எத்தனையோ வெப்பமண்டல மரங்களின் இலையில் அது இருக்கிறது. அசல் கடல் பூஞ்சைகளைத் தேடுகிறவர்கள், அலை ஏறி இறங்கும் மட்டத்தில் மூழ்கிக் கிடக்கும் கட்டைகளையும் முட்டு வேர்களையும் பார்க்க வேண்டும்.

இலைக்குள் உப்பு எவ்வளவு என்பதும் மரத்துக்கு மரம் மாறும். சுரபுன்னை உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டிவிடுகிறது. வெண்கண்டல் ஓரளவு உள்ளே விட்டு, இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. உமரி தன் சதைப்பற்றான இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஆகவே “அலையாத்திப் பூஞ்சை” என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு முடிவு எழுதாதீர்கள்.

எந்தச் செடியில ஆரம்பிக்கலாம்? எந்த மாசம் போகணும்?

முதல் தடவை என்றால் சுரபுன்னை நல்லது. இலை வழவழப்பாக, தடிப்பாக இருக்கும். கழுவுவதும் நறுக்குவதும் எளிது. வெண்கண்டலின் இலைக்கு அடிப்புறம் நெருக்கமான மயிர் உண்டு. அதில் காற்றுக்குமிழியும் உப்புத்தூளும் சிக்கிக்கொள்வதால் கிருமிநீக்கி சரியாகப் படாது. தில்லை மரத்தில் கை வைப்பதற்கு முன் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் தற்காலிகப் பார்வையிழப்பும் வரும், தோலில் கொப்புளம் கிளம்பும். சிதம்பரத்தின் தலமரம் என்ற பக்தி மட்டும் இங்கே காப்பாற்றாது.

மாதத்தைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை எடுத்த ரைசோஃபோரா இலைகளில், ஏப்ரல் முதல் ஜூன் வரையான வறண்ட காலத்தைவிட அதிகப் பூஞ்சை கிடைத்ததைப் பிச்சாவரத்தின் தொடக்கக்கால ஆய்வே, 1998இல், காட்டிவிட்டது. வித்து முளைக்க ஈரம் தேவை என்பதால் இதில் வியப்பில்லை. இரண்டு இடங்களை ஒப்பிடுகிறவர்கள் ஒன்றை மழையிலும் மற்றதை வெயிலிலும் எடுத்தால், இடத்தின் வேறுபாடும் பருவத்தின் வேறுபாடும் கலந்து ஒன்றுக்கும் உதவாமல் போகும். இலையின் வயதையும் அப்படியே நிலையாக வையுங்கள். நுனியிலிருந்து மூன்றாம் அல்லது நான்காம் இணை இலை என்று முடிவுசெய்து எல்லா மரத்திலும் அதையே பறியுங்கள்.

பத்து இலை பறிக்க அனுமதி எல்லாம் வேணுமா?

வேண்டும். பிச்சாவரம் காப்புக்காடு, 2022 முதல் ராம்சர் தளமும்கூட (பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம்). வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் உள்ளே எதையும் பறிக்கக்கூடாது. விண்ணப்பத்தில் செடியின் பெயர், எத்தனை இலை, எந்த மாதங்கள், எந்த இடம் என்று குறிப்பாக எழுதினால் காரியம் விரைவாக நடக்கும். பூஞ்சையை வெளிநாட்டுக்கு அனுப்புவதாகவோ காப்புரிமை கேட்பதாகவோ இருந்தால், 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்திடம் போக வேண்டும். ஆய்வு முடிந்தபின் அல்ல, தொடங்கும்போதே.

பறிச்ச இலையை எப்படிக் கொண்டு வரணும்?

காம்போடு பறித்து, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு காகித உறையில் போட்டு, உறைகளைப் பாலித்தீன் பையில் வைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். இலை ஐஸைத் தொடக்கூடாது. வெறும் பாலித்தீன் பையில் அடைத்தால் உள்ளே வியர்த்து, மேற்பரப்பிலுள்ள பூஞ்சைகள் வழியிலேயே முளைக்கத் தொடங்கிவிடும். அன்றைக்கே நறுக்கிவிடுவது சிறந்தது, 24 மணி நேரம் தாண்டவே வேண்டாம். ஃப்ரீசரில் வைத்துவிட்டு வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், உறைந்த செல்கள் உடைந்து கிருமிநீக்கி உள்ளே ஊறிவிடும்.

கிருமி நீக்கம் எவ்வளவு நேரம்? ஒவ்வொரு பேப்பர்லயும் ஒவ்வொரு கணக்கு இருக்கே.

இலையின் தடிப்பும் மேல்பூச்சும் வேறு வேறு என்பதால் கணக்கும் வேறுபடுகிறது. தொடக்கமாக இதை வைத்துக்கொள்ளுங்கள். இலையை ஓடும் குழாய்நீரில் 10 நிமிடம் கழுவி, 0.5 செ.மீ. பக்கமுள்ள சதுரங்களாக நறுக்குங்கள். துண்டுகளை 70% எத்தனாலில் 5 விநாடி, 4% குளோரின் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 90 விநாடி, நுண்ணுயிரற்ற நீரில் 10 விநாடி முக்கி எடுங்கள். பிறகு நுண்ணுயிரற்ற வடிதாளில் ஈரத்தை ஒற்றிவிட்டு ஊடகத்தில் (பூஞ்சை வளரும் ஊட்டக்கூழ்) வையுங்கள். 9 செ.மீ. தட்டுக்கு 5 முதல் 10 துண்டு போதும். வெண்கண்டலுக்கு 100 மி.லி. கரைசலில் ஒரு துளி ட்வீன் 80 (சோப்பு போல நனைக்கும் பொருள்) சேர்த்தால் மயிருக்கிடையே கரைசல் இறங்கும். சுள்ளிகளுக்கு ஹைப்போகுளோரைட் நேரத்தை 2 முதல் 5 நிமிடம்வரை கூட்ட வேண்டியிருக்கும்.

பெரும்பாலான தோல்விக்குக் காரணம் ஹைப்போகுளோரைட் புட்டிதான். வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் நின்றால் குளோரின் பாதியாகக் குறைந்திருக்கும், லேபிள் மட்டும் அதே எண்ணைக் காட்டும். அயோடின் தரம்பார்த்தல் செய்து உண்மையான அளவைத் தெரிந்துகொள்ளுங்கள், முடியாவிட்டால் புதுப்புட்டி வாங்குங்கள். பயன்படுத்திய எத்தனாலையும் ஹைப்போகுளோரைட்டையும் ஒரே கழிவுப் புட்டியில் ஊற்றாதீர்கள், குளோரோஃபார்ம் உண்டாகும். அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

வளர்ந்தது உள்ளேயிருந்துதான் வந்துச்சுன்னு கைடு கேட்டா எப்படி நிரூபிக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். கிருமிநீக்கம் முடிந்த துண்டை ஊடகத்தின் மேல் மெதுவாக அழுத்தி, ஒரு நிமிடம் வைத்து, எடுத்துவிடுங்கள். இதுதான் அச்சுத் தட்டு. அதை மற்ற தட்டுகளோடு அதே அறையில், அதே நாட்களுக்கு வையுங்கள். அச்சுத் தட்டில் எதுவும் வளரவில்லை, துண்டு வைத்த தட்டில் வளர்ந்தது என்றால் மேற்பரப்பு சுத்தமாக இருந்தது என்று சொல்லலாம். கடைசியாகக் கழுவிய நீரில் 100 மைக்ரோலிட்டர் எடுத்து இன்னொரு தட்டில் பரப்புங்கள். ஊடகம் மட்டும் உள்ள ஒரு தட்டை வேலை நடக்கும் நேரம் முழுக்க அருகில் திறந்து வையுங்கள். அது அறைக்காற்றில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும்.

இந்த மூன்று கட்டுப்பாட்டுத் தட்டுகளும் ஒவ்வொரு தொகுதிக்கும் வேண்டும். ஆய்வு தொடங்கிய மாதத்தில் ஒரே ஒருமுறை செய்துவிட்டு, இரண்டு ஆண்டு மாதிரிகளுக்கும் அதையே சான்றாகக் காட்டும் ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. தேர்வாளர் கேட்டால் அதற்குப் பதில் கிடையாது.

ஊடகத்துல கடல்நீர் சேர்க்கணுமா? ஆண்டிபயாடிக் எது போடலாம்?

இலைப் பூஞ்சைகளுக்குச் சாதாரண உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரே போதும்: லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கின் சாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 15 முதல் 20 கிராம் அகார், பி.எச். 5.6, ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக்கலம்) 121 டிகிரியில் 15 நிமிடம். கட்டைகளுக்கும் மூழ்கிய வேர்களுக்கும் பாதிக் கடல்நீர் கலந்த இன்னொரு தொகுதியும் வையுங்கள். இரண்டிலும் கிடைப்பவற்றை ஒப்பிட்டால் தகவலும் கூடும்.

குளோராம்ஃபெனிகால் லிட்டருக்கு 150 மி.கி. போதும். அது ஆட்டோகிளேவின் வெப்பத்தைத் தாங்கும் என்பதால் முன்பே சேர்க்கலாம். ஸ்ட்ரெப்டோமைசின் தாங்காது. ஊடகம் 45 – 50 டிகிரிக்கு ஆறியபின் வடிகட்டிச் சேர்க்க வேண்டும். வேகமாக ஓடும் பூஞ்சைகளை அடக்க ரோஸ் பெங்கால் போடுகிறவர்கள், தட்டுகளை இருட்டில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் அந்தச் சாயம் நச்சாக மாறி, தேடுவதையும் கொன்றுவிடும்.

பத்து நாளாச்சு, பிளேட்ல ஒண்ணுமே வரல. என்ன தப்பு?

பத்து நாள் போதாது. 26 டிகிரியில், 12 மணி வெளிச்சம் 12 மணி இருட்டு என்று வைத்து 21 நாள் பாருங்கள். தட்டுகளைப் பாராஃபிலிம் சுற்றி மூடாவிட்டால் அதற்குள் அகார் காய்ந்துவிடும்.

21 நாளுக்குப் பிறகும் வெறுமையாக இருந்தால் துண்டைப் பாருங்கள். நடுப்பகுதி வரை வெளுத்திருந்தால் கிருமிநீக்கி உள்ளே போய்விட்டது. நேரத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். பச்சை மாறாமல் இருந்தும் ஒன்றும் வராவிட்டால் இலை மிக இளசாக இருந்திருக்கலாம், அல்லது கோடையில் பறித்ததாக இருக்கலாம். இரண்டுக்கும் காரணம் மேலே இருக்கிறது. சில பூஞ்சைகள் எந்த ஊடகத்திலும் வளராது. அவற்றை இலையின் டி.என்.ஏ.வை நேரடியாகப் படித்துத்தான் அறிய முடியும்.

ரெண்டாவது நாளே எல்லாப் பிளேட்டும் பச்சை, கறுப்புன்னு மூடிடுச்சு. நிறைய எண்டோஃபைட் இருக்குன்னு அர்த்தமா?

இரண்டாவது நாளில் வந்து, மூன்றாவது நாளில் தட்டை மூடும் அஸ்பெர்ஜில்லஸ், பெனிசில்லியம், ரைசோப்பஸ் ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். வளர்ச்சி துண்டின் வெட்டு விளிம்பிலிருந்து தொடங்குகிறதா, துண்டைத் தொடாத இடத்திலிருந்தா என்று தினமும் அடிப்பக்கமிருந்து பார்த்துக் குறித்துவையுங்கள். துண்டைத் தொடாமல் தனியே முளைத்தது எதுவானாலும் கணக்கில் வராது. அச்சுத் தட்டிலும் அதுவே வந்திருந்தால் அந்தத் தொகுதியை முழுதாகத் தூக்கிப் போடுங்கள்.

இவை உள்ளே வாழவே வாழாது என்று சொல்ல முடியாது. கட்டுப்பாட்டுத் தட்டுகள் மூன்றும் சுத்தமாக இருந்து, பல மரங்களின் துண்டுகளில் விளிம்பிலிருந்தே வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். உண்மையான குடியிருப்பாளர்கள் பலர் மெதுவானவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஃபில்லோஸ்டிக்டா கரும்பச்சையாக, சுருக்கம் விழுந்த சிறு கூட்டமாக நிதானமாக வரும். பக்கத்தில் ஒரு வேகக்காரர் இருந்தால் நீங்கள் அதைப் பார்க்கவே மாட்டீர்கள். அதனால் இழை தலைகாட்டிய உடனே நுனியை வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று: வித்து நிறைந்த தட்டுகளைக் கிடைமட்டக் காற்றோட்ட லேமினாரில் (வடிகட்டிய காற்றை ஊதும் மேசை) திறக்காதீர்கள். அது தட்டிலிருந்து உங்கள் முகத்துக்கே ஊதும். அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் நுரையீரலில் நோய் உண்டாக்கக் கூடியது. உயிரிப் பாதுகாப்புப் பெட்டியைப் பயன்படுத்துங்கள்.

பாதிக்கு மேல வித்தே போடல. பேர் எப்படி வைக்கிறது?

வெள்ளையாகவோ சாம்பலாகவோ இழை மட்டும் விட்டு நிற்கும் இவற்றை மலட்டு இழைப் பூஞ்சைகள் என்று தனியாகக் குறிப்பது வழக்கம். நிறம், வேகம், அடிப்பக்கத் தோற்றம் ஆகியவற்றை வைத்து எண் கொடுத்துப் பிரியுங்கள். வித்து போட வைக்க முதலில் ஊட்டத்தைக் குறையுங்கள்: வெறும் நீர் அகாரில், ஆட்டோகிளேவ் செய்த அதே மரத்தின் இலைத்துண்டு ஒன்றை வைத்து, புறஊதாவுக்கு அண்மையான கறுப்பு விளக்கின் கீழ் 12 மணி நேரம் விட்டுவிட்டு 30 முதல் 60 நாள் வையுங்கள். நிறையச் சர்க்கரை உள்ள ஊடகத்தில் பூஞ்சை வயிறு நிறைய இழைதான் விடும். அதற்கும் மசியாதவற்றை டி.என்.ஏ.வுக்கு அனுப்புங்கள்.

காணும் விழுக்காட்டைக் கூட்டினா நூறைத் தாண்டுது. கணக்கு தப்பா?

தப்பில்லை. ஒரு பூஞ்சையின் காணும் விழுக்காடு என்பது அது வந்த துண்டுகளின் எண்ணிக்கையை மொத்தத் துண்டுகளால் வகுத்து நூறால் பெருக்கியது. 200 துண்டில் ஒன்று 70இலும், மற்றொன்று 110இலும், மூன்றாவது 40இலும் வந்தால் 35%, 55%, 20%. கூட்டினால் 110. ஒரே துண்டிலிருந்து இரண்டு பூஞ்சை வந்திருக்கிறது, அவ்வளவே. எத்தனை துண்டில் ஏதாவது ஒன்றாவது வந்தது என்பது வேறு அளவு, அது மட்டும்தான் நூறைத் தாண்டாது. இரண்டையும் ஒரே பெயரில் அட்டவணையில் போட்டுக் குழப்பாதீர்கள். புள்ளியியலில் ஒரே இலையின் பத்துத் துண்டுகளைப் பத்து மாதிரியாக எண்ணவும் கூடாது. மாதிரி என்பது மரம்.

ஐ.டி.எஸ். 99% ஒத்துப்போச்சு. இனப் பெயரே போட்டுடலாமா?

ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதி 2012 முதல் பூஞ்சைகளுக்கான பொதுப் பட்டைக்குறியாக ஏற்கப்பட்டிருக்கிறது. ஆனால் அலையாத்தியில் அதிகம் கிடைக்கும் பேரினங்களிலேயே அது தடுமாறும். டயபோர்த்தே, கொலெட்டோட்ரைக்கம், பெஸ்டலோஷியாப்சிஸ் ஆகியவற்றில் பல இனங்களுக்கு ஐ.டி.எஸ். கிட்டத்தட்ட ஒன்றே. டெஃப்1, பீட்டா டியூபுலின் போன்ற மரபணுக்களையும் படித்து, வகைமாதிரிகளின் (இனப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரிகள்) வரிசைகளோடு சேர்த்துக் கிளைமரம் போட்ட பிறகுதான் இனப் பெயர். இல்லையென்றால் பேரினத்தோடு நிறுத்துங்கள். பொதுத் தரவுத்தளத்தில் தவறான பெயரில் பதிந்த வரிசைகள் ஏராளம், முதல் வரியில் வரும் பெயர் தீர்ப்பு ஆகாது.

கறுப்புப் பூஞ்சைகளில் பி.சி.ஆர். வேலை செய்யாவிட்டால் மெலனின் தடுத்திருக்கலாம். டி.என்.ஏ.வை 10 மடங்கும் 50 மடங்கும் நீர்த்துப் பாருங்கள். இலையிலிருந்து நேரடியாகப் படிக்கும்போது ஐ.டி.எஸ்.1க்குப் பதில் ஐ.டி.எஸ்.1எஃப் முன்தொடரை (பிரைமர்) எடுங்கள், செடியின் டி.என்.ஏ. பெருகுவது குறையும். பழைய கட்டுரைகளில் ஃபோமாப்சிஸ் என்று இருந்தால் அது இன்றைய டயபோர்த்தேதான். ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர் என்ற விதி 2011இல் வந்தது.

வளர்ப்பு ரெண்டு வருஷத்துல பழைய மாதிரி இல்லையே?

திரும்பத் திரும்பத் தட்டு மாற்றினால் வித்து குறையும், வேதிப்பொருளும் நின்றுபோகும். பிரித்த முதல் மாதத்திலேயே 15% கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் மூன்று குப்பிகளாவது வையுங்கள். அந்த வசதி இல்லாத கல்லூரியில், அகார்த் துண்டுகளை நுண்ணுயிரற்ற நீரில் போட்டு இறுக மூடிவைத்தாலும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். கட்டுரையில் பேசப்படும் வளர்ப்பைப் புனேயிலுள்ள தேசியப் பூஞ்சை வளர்ப்புச் சேகரிப்பகத்திலோ சண்டிகரிலுள்ள எம்.டி.சி.சி. என்ற நுண்ணுயிர் வளர்ப்புச் சேகரிப்பகத்திலோ ஒப்படைத்து எண் வாங்கிவிடுங்கள்.

மரம் உப்பைத் தாங்கறதே இந்தப் பூஞ்சையாலதான்னு சொல்றாங்களே?

அலையாத்திக்கு உப்பைச் சமாளிக்கும் உறுப்புகள் அதனிடமே இருக்கின்றன. மேலே மூன்று வழிகளைப் பார்த்தோம். இலைப் பூஞ்சைகள் அதற்கு உதவுகின்றன என்று சொல்ல, பூஞ்சை உள்ள கன்றையும் இல்லாத கன்றையும் ஒப்பிட வேண்டும். இது முடியாத காரியமல்ல. இவை விதை வழியாக வருவதைவிடக் காற்று வழியாகவே அதிகம் வருவதால், மூடிய கூடத்தில் கன்று வளர்த்து, இலை நனையாமல் வேருக்கு மட்டும் நீர் விட்டால் பூஞ்சை குறைந்த கன்று கிடைக்கும்.

வேறு செடிகளில் சான்று உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் கடற்கரையில் மணற்குன்றுப் புல்லுக்குள் வாழும் ஃபியூசேரியம் கல்மோரம், அந்தப் புல்லுக்கு உப்புத் தாங்கும் வலிமை தருவதை 2008இல் காட்டினார்கள். உப்பில்லாத இடத்திலிருந்து எடுத்த அதே இனம் அதைத் தரவில்லை. எனவே இனப் பெயர் ஒன்று என்பதற்காகக் குணமும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது.

என் பூஞ்சை 10% உப்புத் தட்டுல வளருது. உவர் நிலத்து நெல்லுக்குக் கொடுக்கலாமா?

தட்டில் உப்பைத் தாங்குவது பூஞ்சையின் திறன். அதைச் செடிக்குக் கொடுக்குமா என்பது வேறு கேள்வி. உப்புக்கருவாட்டில் வளரும் பூஞ்சையும்தான் 10% தாங்கும். நெல்லில் சோதிக்க நான்கு தொகுதி வேண்டும்: பூஞ்சை இல்லை உப்பு இல்லை, பூஞ்சை மட்டும், உப்பு மட்டும், இரண்டும். ஐந்தாவதாக ஆட்டோகிளேவில் கொன்ற பூஞ்சை இட்ட தொகுதி. செத்த பூஞ்சையிலுள்ள ஊட்டமே சில நேரம் பயிரைத் தூக்கிவிடும். நெல்லுக்கு மண்ணின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். 100 மில்லிமோலார், அதாவது லிட்டருக்கு 5.84 கிராம் உப்பு, ஏறத்தாழ 10 டெசிசீமன். ஒரேயடியாக ஊற்றினால் அதிர்ச்சியைத்தான் அளப்பீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை 25 மில்லிமோலாராக ஏற்றுங்கள். முடிவில் இலையின் சோடியம், பொட்டாசியம் அளவைப் பாருங்கள், திசுவிலிருந்து அதே பூஞ்சையைத் திரும்பப் பிரித்தும் காட்டுங்கள்.

நாற்று கிடுகிடுவென உயர்ந்தால் உடனே மகிழ வேண்டாம். ஃபியூசேரியம் ஃபுஜிகுரோய் ஜிப்ரெலினைச் சுரந்து நாற்றை வெளிறி நெட்டையாக்கும். அது பக்கனே என்ற நோய். உயரத்தை மட்டும் அளந்தால் நோயையே வளர்ச்சி ஊக்கியாக எழுதிவிடுவீர்கள். உலர் எடையையும் தூர்களின் எண்ணிக்கையையும் எடுங்கள். பானைச் சோதனையில் தேறினாலும், அந்த இனம் நெல்லுக்கும் உளுந்துக்கும் நோய் தராது என்று பார்க்காமல் வயலில் விடக்கூடாது.

மருந்து கிடைக்குமா? டாக்சால் தயாரிக்கும்னு படிச்சேன்.

வேதிப்பொருள் தேட அரிசி ஊடகம் நன்றாக வேலை செய்கிறது. ஒரு லிட்டர்க் குடுவையில் 100 கிராம் அரிசி, 110 மி.லி. நீர், ஆட்டோகிளேவ், பிறகு ஐந்தாறு அகார்த் துண்டு. அசைக்காமல் 3 – 4 வாரம் வைத்து எத்தில் அசிட்டேட்டில் சாறு எடுங்கள். இன்னொரு குடுவையில் 3.5% கடலுப்புச் சேர்த்து வையுங்கள். அதே பூஞ்சை வேறு பொருள்களைத் தரக்கூடும். பூஞ்சை போடாத அரிசியின் சாறு கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அரிசியின் கொழுப்பு அமிலத்தைக் கண்டுபிடித்து நிற்பீர்கள்.

புற்றுநோய் மருந்தான டாக்சால் பற்றி நிதானம் தேவை. பசிபிக் யூ மரத்தின் பூஞ்சையிலிருந்து அது கிடைத்ததாக 1993இல் அறிவித்தார்கள். அந்தப் பூஞ்சையின் மரபணுத் தொகுதியைப் படித்து 2013இல் வெளிவந்த ஆய்வில், டாக்சால் உருவாக்கத் தேவையான மரபணுக்கள் அதில் காணப்படவில்லை. அலையாத்திப் பூஞ்சையின் சாற்றைப் பகுத்த வரைபடத்தில் ஒரு சிறு முகட்டை மட்டும் காட்டி டாக்சால் என்று எழுதினால் யாரும் ஏற்க மாட்டார்கள். பொருளைத் தூய்மையாக்கி, என்.எம்.ஆர்., நிறை நிறமாலை இரண்டும் எடுத்து, உறையவைத்த முதல் குப்பியிலிருந்து மீண்டும் வளர்த்தாலும் அதே பொருள் வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.